லைட் வெப்புக்கு ஒரு கையெழுத்து

என் வீட்டுக்காரரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல எனக்கு மட்டும்தான் உரிமை உண்டு. வேறு யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். ஆனால் உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்? வாசல் மணி அடித்தால் முதலில் என் முகத்தைப் பார்ப்பார். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அது அடித்து ஓயும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யார் எதைக் கேட்டாலும் ‘பார்க்கலாம்’ என்பார். முடியாது என்று சொல்ல வாய் வராது, முடியும் என்று சொல்லத் தைரியம் வராது. தொழிலில் அவருக்குப் பட்டப்பெயரே ‘பார்க்கலாம்’தான்.

தொழில், இணையதளம் செய்து கொடுப்பது. மூக்குக்கண்ணாடிக் கடை, பல் டாக்டர், டிரைவிங் ஸ்கூல் என்று சின்னச் சின்ன ஆட்கள். முன்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, இரண்டு திரை, கீழே யாரும் தொடக்கூடாத வயர் குவியல். இது போக, ஒரு பெரிய கம்பெனி மாதாமாதம் வேலை கொடுத்துவந்தது. வீடு ஓடியது பெரும்பாலும் அதில்தான். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். என் சம்பளத்தில் மகளின் கல்லூரியைச் சமாளிக்கலாம், அவ்வளவுதான்.

சனிக்கிழமை மட்டும் வேறு மனிதராகிவிடுவார். டயர் கடை மாடியில் ஒரு அறை பிடித்து இலவச வகுப்பு நடத்துவார். வாசலில் அவரே அச்சடித்து ஒட்டிய காகிதம்: ‘லைட் வெப் வகுப்பு’. இவர்கள் தொழிலில் அவ்வப்போது ஒரு புது வார்த்தை முளைக்கும். எல்லாரும் அதையே மந்திரம் மாதிரி ஓதிக்கொண்டு அலைவார்கள். பிறகு அது போய் இன்னொன்று வரும். அதில் எனக்கே புரிந்த வார்த்தை இது ஒன்றுதான். பழைய போனிலும், சிக்னல் இழுத்துக்கொண்டு கிடக்கும் இடத்திலும், சட்டென்று திறக்கிற மாதிரி சைட்டைக் கனமில்லாமல் செய்வது. அதற்குப் பெயர் லைட் வெப். முதலில் யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. சொல்லிச் சொல்லிப் பழகிவிட்ட வார்த்தை.

அந்த வார்த்தையைத்தான் பெரிய கம்பெனி தன் பெயரில் டிரேட்மார்க் பதிவு செய்யப் போயிருக்கிறது. பதிவு அலுவலகம் உடனே கொடுத்துவிடவில்லை. இது எல்லாரும் சொல்கிற வார்த்தையாயிற்றே, உங்களுக்கு மட்டும் எப்படித் தருவது என்று கேட்டிருக்கிறார்கள். அப்படிக் கேட்டால் கம்பெனிக்காரர்கள் செய்கிற வேலை ஒன்று இருக்கிறதாம். தொழிலில் உள்ள சிலரைப் பிடித்து, ‘இந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு இந்தக் கம்பெனிதான் நினைவுக்கு வருகிறது’ என்று சத்தியம் செய்து எழுதி வாங்குவார்கள். எழுதி என்றால், எழுதவெல்லாம் வேண்டாம். டைப் அடித்துத் தயாராக வைத்திருப்பார்கள்.

கம்பெனி மேனேஜர் இவரைக் கூப்பிட்டிருக்கிறார். ஏ.சி. அறை, கண்ணாடிக் கதவு, மேசைமேல் அந்தத் தாள்.

“ஒரு சின்ன ஃபார்மாலிட்டி சார். நீங்க நம்ம ஆளாச்சேன்னு கூப்பிட்டேன்.”

“கொஞ்சம் படிச்சுப் பாத்துட்டு…”

“தாராளமா படிங்க. அடுத்த வருஷ கான்ட்ராக்டையும் இதோட சேத்தே போட்டுடலாம்னு இருக்கேன்.”

அந்த ஒரு இடத்தில் இவர் ‘பார்க்கலாம்’ என்று சொல்லியிருக்கக்கூடாதா? சொல்லவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தலைவலி என்று படுத்துக்கொண்டார். நானும் மாத்திரை கொடுத்தேன். விஷயம் இதுதான் என்று தெரிந்திருந்தால் வேறு ஏதாவது கொடுத்திருப்பேன்.

கொஞ்ச நாளில் நோட்டீஸ்கள் பறக்க ஆரம்பித்தன. பதிவு முடியக்கூட இல்லை, அதற்குள் லைட் வெப் என்று எங்கெல்லாம் போட்டிருக்கிறதோ அங்கெல்லாம் எடுக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ். தொழில்காரர்களின் வாட்ஸ்அப் குழு கொதித்தது. அநியாயம், அக்கிரமம், விடக்கூடாது. ஆனால் பதிவு அலுவலகத்தில் பெயர் போட்டு ஆட்சேபணை கொடுக்க ஒருத்தர் முன்வரவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது? பாதிப் பேருக்கு அந்தக் கம்பெனி சோறு போடுகிறது. இவர் எல்லாவற்றையும் படித்துக்கொண்டு, ஒரு எழுத்துகூட டைப் அடிக்காமல், போனைக் கவிழ்த்து வைப்பார். நான் அதை அடக்கம் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தையல்காரம்மா போன் செய்தார். சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறவர். பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை. பள்ளி யூனிஃபார்ம், நர்ஸ் உடுப்பு, வக்கீல் கோட்டு எல்லாம் தைப்பார். கணினியைத் தொடவே பயந்தவர், இவரிடம் கற்றுக்கொண்டு தன் கடைக்குத் தானே ஒரு சைட் செய்தார். அளவெடுத்து ஆர்டர் அனுப்பும் வசதிகூட உண்டு. அதன் அடியில் பெருமையாக ஒரு வரி: ‘லைட் வெப் முறையில் நானே செய்தது’. அந்த ஒரு வரிக்கு அவருக்கும் நோட்டீஸ்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. இவர் சாப்பிட்ட கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார்.

“சார், நான் சைட்டையே எடுத்துட்டேன். ஆர்டர் எல்லாம் நின்னுபோச்சு. போலீஸ் கீலீஸ் வருமா சார்?”

“அதெல்லாம் வராதும்மா.”

“அதுக்கு நான் கூப்பிடல சார். உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். நோட்டீஸோட சாட்சிங்க கையெழுத்துன்னு சில தாள் வெச்சிருக்காங்க. அதுல உங்க பேரு இருக்கு. உங்க கையெழுத்து மாதிரியே அப்படியே போட்டிருக்கான் சார், படுபாவி. யாரோ உங்க பேரைத் திருடிட்டாங்க. ஜாக்கிரதையா இருங்க.”

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஊசியைக் கண்டதும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். குத்துவதற்கு முன்பே வலித்துவிடும் அவர்களுக்கு. அதே முகம்.

“அப்படியா… நான் பாக்கறேம்மா,” என்றார்.

போனை வைத்ததும் எல்லாவற்றையும் சொன்னார். கை காய்ந்து சோறு ஒட்டிக்கொண்டிருந்தது, கழுவக்கூட எழவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கண்முன்னால் பார்த்தேன். வகுப்பு நடத்துவதும் இவர், அந்த வகுப்பின் வார்த்தை இன்னொருவனுடையது என்று சத்தியம் செய்ததும் இவர்.

“அந்தம்மாகிட்ட அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“வாய் வரலை.”

“கையெழுத்துப் போட மட்டும் கை வந்துச்சா?”

நேரில் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றார். இரண்டு முறை கிளம்பினார். பஸ் நிலையம்வரை போய், கடை தெரிகிற தூரத்தில் திரும்பி வந்துவிட்டார். நான் சொல்லட்டுமா என்றால் கையெடுத்துக் கும்பிட்டார்: “நானே சொல்லிடறேன். என்னை விட்டுடு.”

அதற்குள் கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிவிட்டது. தையல்காரம்மாவின் வாடிக்கையாளர் ஒரு வக்கீல். எங்கள் வீட்டில் அவருக்குக் கோட்டு வக்கீல் என்று பெயர். நோட்டீஸைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் கொதித்து, ஃபீஸ் வாங்காமல் ஆட்சேபணை எழுதிப் போட்டுவிட்டார். ஊரே பயந்து கிடந்தபோது மணி கட்டியது தையல்காரம்மா. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆட்சேபணையில் ஒரு பத்தி: ‘என் ஆசிரியரின் கையெழுத்தைப் போலியாகப் போட்டிருக்கிறார்கள்.’

தையல்காரம்மா சந்தோஷமாகப் போன் செய்து சொன்னார். “உங்களுக்காகவும் சேத்துத்தான் சார் எழுதியிருக்கோம்.”

கம்பெனி சும்மா இருக்குமா? கையெழுத்து உண்மை என்று அவர்களுக்குத்தான் தெரியுமே. போலி என்று நிரூபிக்கட்டும், இல்லாவிட்டால் அவதூறு வழக்குப் போடுவோம் என்று பதில் வந்தது. பதிவு அலுவலகத்தில் விசாரணைக்குத் தேதி குறித்து, கையெழுத்துப் போட்டவர் என்ற முறையில் இவருக்கும் அழைப்பு அனுப்பினார்கள். வீட்டிலிருந்தே வீடியோவில் வரலாம்.

எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி? உண்மையைச் சொன்னால் கான்ட்ராக்ட் போய்விடும். பொய்ச் சத்தியம் செய்ததற்கு இவர்மேல் வழக்கு வந்தாலும் வரும். சொல்லாவிட்டால், இவரைக் காப்பாற்றப் போன அந்தப் பெண்மணி கோர்ட்டுப் படி ஏறவேண்டும். இவர் காலையில் ஒரு கடிதம் டைப் அடிப்பார், சாயங்காலம் அழிப்பார். சாப்பாடு பாதி தட்டில் அப்படியே இருக்கும். வகுப்புக்குப் போனார், தையல்காரம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாராம், இவர் பின்சுவரைப் பார்த்தே பாடம் நடத்தினாராம்.

“நீ என்ன சொல்றே?” என்று என்னைக் கேட்டார்.

சொல்லுங்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடவேண்டும் என்று இருந்தது. ஆனால் எனக்கும் பயம்தான். வீட்டு வாடகை, மகளின் கடைசி வருடம், எல்லாம் கண்முன் வந்து நின்றன. ஒருவேளை இவரைக் கைது செய்வார்களோ என்றுகூட நினைத்தேன். கடைசியில், “அந்தம்மா மேல கேஸ் வந்தா, நாம இந்த வீட்ல எப்படிங்க சோறு திங்கறது?” என்று மட்டும் கேட்டேன். இவர் தலையை ஆட்டினார். அது சரி என்கிற ஆட்டலா, தெரியவில்லை என்கிற ஆட்டலா, எனக்குப் புரியவில்லை.

விசாரணை அன்று லீவு போட்டேன். மகளிடம் இணையத்தைத் தொடாதே என்று சொல்லிவைத்தேன். இஸ்திரி போட்ட சட்டை, அதற்குள் வேர்வை. திரையில் நான்கு கட்டங்கள்: அதிகாரி, கம்பெனி வக்கீல், இவர், நான்காவதில் கோட்டு வக்கீலும் தையல்காரம்மாவும் ஒரே போனுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு. தையல்காரம்மா இவரைப் பார்த்துத் தைரியமாக இருங்கள் என்பதுபோல் தலையசைத்தார். நான் கேமராவில் விழாமல் சுவரோடு ஒட்டி நின்றேன்.

அதிகாரி தாளைக் காட்டினார். “இந்தக் கையெழுத்து உங்களோடதா?”

இவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மைக் ஆஃபில் இருக்கிறது என்று கம்பெனி வக்கீல் சொன்னார். மைக் ஆனில்தான் இருந்தது.

“என்னோடதுதான் சார்.”

நான்காவது கட்டத்தில் தையல்காரம்மா முதலில் ஏதோ தவறாகக் கேட்டதுபோல் போனைக் காதருகே கொண்டுபோனார். கோட்டு வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

“அப்ப போலின்னு இவங்க சொன்னது?”

“அவங்களுக்குத் தெரியாது சார். நான் அப்படிப் பண்ணமாட்டேன்னு நம்பி எழுதிட்டாங்க. தப்பு அவங்க மேல இல்ல. கையெழுத்து என்னோடது. கான்ட்ராக்ட் போயிடுமோன்னு பயந்து போட்டுட்டேன். மேல டைப் அடிச்சிருக்கறதுதான் பொய். அந்த வார்த்தையைக் கேட்டா எனக்கு எந்தக் கம்பெனியும் ஞாபகம் வராது. தொழில்ல யாருக்கும் வராது.”

கம்பெனி வக்கீல் சிரித்தார். “கான்ட்ராக்டுக்குப் பயந்து அன்னைக்குப் பொய் சத்தியம் பண்ணேன்னு சொல்றீங்க. இன்னைக்குச் சொல்றதை மட்டும் எப்படி நம்பறது?”

இவர் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். “இன்னைக்கும் பயமாத்தான் சார் இருக்கு. அன்னைக்கு இருந்ததைவிட அதிகமா இருக்கு. அதனால வேணும்னா நம்புங்க.”

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். போலி என்ற பத்தியை எடுத்துவிடுவதாகக் கோட்டு வக்கீல் சொன்னார். அப்படியானால் அவதூறுப் பேச்சுக்கு இடமில்லை என்று அதிகாரி முடித்தார். இவர் செய்த சத்தியத்துக்கு என்ன நடவடிக்கை என்பது பிறகு தெரியவரும் என்றார். வார்த்தை யாருக்கு என்ற தீர்ப்பு இன்றுவரை வரவில்லை. எங்களுக்கு ஒவ்வொரு தபாலும் திக் என்கிறது.

அன்று சாயங்காலத்துக்குள் கம்பெனிக் கணக்கில் இவருடைய பாஸ்வேர்ட் வேலை செய்யவில்லை. இவர் அதை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கட்டிக்கொண்ட நாளிலிருந்து அன்றுதான் அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்லலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தபோது போன் அடித்தது. தையல்காரம்மா.

இவர் முதல் மணியிலேயே எடுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக ஒரு கேள்வி.

“கையெழுத்துப் போடும்போது எங்களை எல்லாம் ஒரு தடவை நினைச்சீங்களா சார்?”

ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று நான் கண்ணால் கெஞ்சினேன். நினைச்சேன், வேற வழியில்லாமப் போட்டேன் என்று சொன்னால் அந்தம்மாவின் மனது ஆறிவிடும். அடுத்த சனிக்கிழமை முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

“இல்லம்மா,” என்றார். “நினைக்கல.”

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. அந்தம்மா போனை மட்டும் வைக்கவில்லை. இவர் அதைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.