கூப்பிடும்வரை எழாத கோமதி டீச்சர்

சென்ற மாதம் ஒரு காலை, மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சான்பாடாவிலிருந்து கோமதி டீச்சரின் மகள். "செல்வி அத்த, அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள். காயை அப்படியே போட்டுவிட்டு அழுதுகொண்டே டாக்ஸி பிடித்தேன். வழியிலேயே நம் ஊர்ச்சங்கத்தின் வாட்ஸப் செய்தியும் வந்து சேர்ந்தது: "அமரர் சுடலைமுத்து அவர்களின் துணைவியார் இறைவனடி சேர்ந்தார்." படித்ததும் அழுகை நின்று கோபம் வந்தது. தாராவியில் உங்களில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதை எழுத உங்களுக்குக் கை வரவில்லை.

உங்களுக்கு அவர் கோமதி டீச்சர். எனக்கு வெறும் கோமதி, அதனால் அவள் என்றே எழுதுகிறேன். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் அவள் கணக்கு, நான் தமிழ். ஆசிரியர் அறையில் எங்கள் இருவர் நாற்காலியும் பக்கத்தில் பக்கத்தில். பள்ளிக்கு யாராவது பெரிய மனிதர் வந்தால் டீ கொண்டுபோய் வைப்பது பெண் ஆசிரியைகளின் வேலை என்று ஒரு வழக்கம் இருந்தது. சேர்ந்த புதிதிலேயே அவள் அந்தத் தட்டை விளையாட்டு ஆசிரியரின் கையில் கொடுத்து, தினமும் கர்லாக்கட்டை சுற்றுகிற கைதான் இதற்கு லாயக்கு, ஒரு சொட்டு சிந்தாது என்று சொல்லிவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே கொண்டுபோனார். அன்றோடு அந்த வழக்கம் போயிற்று. எல்லா வழக்கமும் அத்தனை லேசில் போகிறதில்லை.

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நம் சங்கத்தில் கல்யாணமான ஆண்பிள்ளைதான் ஒரு தலைக்கட்டு. வருடாவருடம் நடக்கும் அம்மன் கொடைத் திருவிழாவின் கடைசி நாள் பகலில் ஒவ்வொரு தலைக்கட்டாக மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தேங்காயும் பழமும் வைத்த தட்டைக் கொடுப்பார்கள். கடைசித் தட்டும் சன்னதியை விட்டுப் போன பிறகுதான் கொடையை முடித்துவைக்கும் மஞ்சள் நீராட்டு, அதன் பிறகுதான் சாப்பாடு. புருஷன் செத்துவிட்டால் அந்த வீட்டுப் பெயரை எடுத்துவிடுவார்கள். மகன் கல்யாணமாகித் தலைக்கட்டானால் மறுபடி சேர்ப்பார்கள். கோமதிக்கு ஒரே மகள். ஆக, சுடலைமுத்து அண்ணன் போனதோடு அந்த வீடே இல்லை என்று சங்கம் முடிவு செய்துவிட்டது.

அந்த வருடக் கொடைக்கு முன்பே அவள் சங்கத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். ஆண்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருக்க, வாசல் பக்கம் நின்றபடியே பேசினாள். "எங்க வீட்டுல தெனமும் அடுப்பெரியுது அண்ணாச்சி. அடுப்பெரிஞ்சா அது ஒரு வீடுதான?" என்றாள். தலைவர் கெட்டவர் இல்லை. நெடுநேரம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வழக்கத்தை மாற்ற வேண்டாம், சுடலைமுத்து பெயரையே 'அமரர்' சேர்த்துக் கூப்பிடுகிறோம், டீச்சர் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றார். சுற்றியிருந்தவர்கள் நல்ல தீர்ப்பு என்று தலையாட்டினார்கள். கோமதி மட்டும் ஆட்டவில்லை.

"செத்தவரக் கூப்பிட்டா செத்தவருதான வரணும்? நான் உயிரோடல்லா இருக்கேன்" என்றாள்.

கொடையன்று அவர்கள் சொன்னபடியே செய்தார்கள். "அமரர் சுடலைமுத்து" என்று மைக் கூப்பிட்டது. கோமதி என் பக்கத்தில் பெண்கள் வரிசையில் சிவனே என்று உட்கார்ந்திருந்தாள். மறுபடி கூப்பிட்டார்கள். முந்தானையால் விசிறிக்கொண்டாள். மற்ற எல்லாத் தட்டும் போய், அவள் தட்டு மட்டும் சன்னதியில் நின்றது. மஞ்சள் நீர் அண்டாவில் காத்திருந்தது. பந்தியில் இலை போட்டாகிவிட்டது, சாம்பார் வாசனை வேறு. விக்ரோலியிலிருந்து வந்த அவள் கொழுந்தனார், நான் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுந்தார். கோமதி அவரை ஒரு பார்வை பார்த்தாள், உட்கார்ந்துவிட்டார். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அன்று வழக்கமும் பறந்தது. தலைவரே மைக்கை வாங்கி, "கோமதி டீச்சர், வாங்கம்மா" என்றார். அவள் எழுந்து போய்த் தட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வருடமும் அதன் பிறகு அவள் பெயரைத்தான் கூப்பிட்டார்கள்.

என் கதையும் உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் அம்பர்நாத்தில் வேறு குடும்பம் வைத்திருக்கிறார். கொடைக்குக் கொடை வெள்ளை வேட்டி கட்டி வருவார். வீட்டுக்கு இவ்வளவு என்று சங்கம் போடும் கொடை வரியைக் கட்டுவது நான், மைக்கில் ஒலிப்பது அவர் பெயர், தட்டை வாங்குவதும் அவர். நம் அம்மன் தேங்காயில் அம்பர்நாத்தில் சட்னி அரைபடுகிறது. இதைச் சொல்லிச் சொல்லி கோமதி சிரிப்பாள், அப்புறம் திடீரென்று சிரிப்பை நிறுத்திவிடுவாள்.

போன கொடை முடிந்து, இருவரும் செம்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது அவளிடம் கேட்டேன், அன்றைக்கு உனக்கு எங்கிருந்து அத்தனை தைரியம் வந்தது என்று. எனக்கு அது வரவே மாட்டேன் என்கிறது என்றும் சொன்னேன்.

"தைரியமா? கால் ரெண்டும் வெடவெடன்னு ஆடுச்சு ஏட்டி. எந்திச்சிருந்தா விழுந்திருப்பேன். அதான் உக்காந்தே இருந்துட்டேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "பயம் போன பெறவு பேசலாம்னு இருந்தா ஒருத்தியும் பேச முடியாது பாத்துக்கோ" என்றாள். ரயில் வந்துவிட்டது. அதுதான் நாங்கள் மனம்விட்டுப் பேசிய கடைசிப் பேச்சு.

பதினாறாம் நாள் சங்கத்தில் இரங்கல் கூட்டம் வைத்தீர்கள். அவளைப் பற்றி நன்றாகவே பேசினீர்கள். முடிக்கும்போது செயலாளர், டீச்சருக்குக் கொடுத்த சலுகை அவரோடு முடிந்தது, இனி பழையபடி வழக்கப்படி நடக்கும் என்றார். சலுகை என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. அவள் கேட்டு வாங்கியதை நீங்கள் போட்ட பிச்சையாக்கி, அவளோடு சேர்த்து எரித்துவிடப் பார்க்கிறீர்கள். நான் வாசல் பக்கம் நிற்கவில்லை. ஜமுக்காளத்தில் போய் உட்கார்ந்தேன். "எங்க வீட்டுத் தலைக்கட்டு நாந்தான் அண்ணாச்சி. இனிமே என் பேரச் சொல்லுங்க" என்றேன். செயலாளர் தன் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோமதியின் மகள் அம்மாவின் பட்டுப்புடவை ஒன்றை எனக்குக் கொடுத்தாள். அதை நான் வாங்கிக்கொள்ளவில்லை. கோமதியிடமிருந்து அவளுடைய பிடிவாதத்தை எடுத்துக்கொண்டேன், அது போதும். வருகிற கொடையில் என் வீட்டுக்காரர் தாராளமாக வரட்டும், பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுப் போகட்டும். ஆனால் தட்டுக்கு செல்வி என்று கூப்பிட வேண்டும். கூப்பிடும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன், என் தட்டை வேறு யாரும் தொடவும் விடமாட்டேன். உங்களுக்குப் பசித்தால் சீக்கிரம் கூப்பிடுங்கள்.