இரண்டு உடம்புக்கு ஒரு அட்டை

ஆண்கள் நலக் கிளினிக்குக்குப் பதினோரு வருஷத்து அட்டைக் கட்டணம் நான் பாக்கி வைத்திருந்தேன். யாருக்கும் சல்லிக்காசு பாக்கி வைக்காதவன் என்று பெயரெடுத்த நானே இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பதிமூன்று வயதில் வெல்டிங் பட்டறையில் இரும்பு சுமந்தேன். முப்பத்தைந்தில் அந்தப் பட்டறையையே வாங்கினேன். நான் செய்த கேட் ஒன்றுகூட இதுவரை தொங்கியதில்லை. எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்பதையும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதுவும் சொந்த முயற்சிதான்.

பேக்கரிக்காரர் அடுப்புக் கதவைச் சரிசெய்ய என்னிடம் வந்தவர். மனைவி காலமாகி, மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். மனைவி மேல் உயிராக இருந்தார், அது பொய்யில்லை. என் மேல் இருப்பதும் பொய்யில்லை. கதவு ஒரே நாளில் சரியாகிவிட்டது. அவர் பன்னிரண்டு வருஷமாக என்னோடு பட்டறை மாடியில் இருக்கிறார். மகள் என்னைப் பெரியப்பா என்பாள். அதற்கு மேல் அவள் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

அந்தக் கிளினிக்கில் பெயர் கேட்க மாட்டார்கள். அட்டையில் ஒரு எண், வயது, அவ்வளவுதான். எங்கள் இருவருக்கும் வயது ஒன்று. நான் அட்டை வாங்கியபோது, இவருக்கும் ஒன்று வாங்கலாம் என்றேன். மகள் வந்தால் அலமாரியைக் குடைவாள், ஒன்று கிடந்தால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம், ஒரே மாதிரி இரண்டு கிடந்தால் என்ன சொல்வது என்றார். அதுவும் நியாயமாகப் பட்டது. அதனால் முட்டிவலி, சளி என்று அவர் அந்த அட்டையோடு போவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பால்வினை நோய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுப்பது மட்டும் என் பொறுப்பு. எனக்கு இல்லையென்றால் அவருக்கும் இல்லை, ஒருத்தன் ரத்தம் இரண்டு பேருக்குப் போதும் என்று கணக்குப் போட்டவன் நான்தான்.

முதல் வருஷம் என் ரத்தத்தில் சிபிலிஸ் இருந்தது. நான் தனியாகத் திரிந்த காலத்தின் மிச்சம். ஊசி போட்டார்கள், சரியாகிவிட்டது. உனக்கும் சேர்த்துத்தான் போட்டுக்கொண்டேன் என்று அவரிடம் தைரியமாகச் சொன்னேன். தகட்டின் ஒரு பக்கம் துருவைச் சுரண்டினால் மறுபக்கமும் போய்விடும் என்று பட்டறையில் எவனாவது சொல்லியிருந்தால் அன்றே சீட்டைக் கிழித்திருப்பேன்.

இந்த வருஷம் ரத்தம் கொடுக்கும் நாளில் எனக்குப் பெரிய கேட் வேலை. அவரை அனுப்பினேன். முதல் தடவையாக அவருடைய ரத்தம். முடிவு வந்தது: மறுபடியும் சிபிலிஸ், ஊசிக்கு வாருங்கள். இரண்டு பேரும் போனோம். அவர் திரைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் பெஞ்சில்.

புதிதாக வந்திருந்த நர்சம்மா அட்டையைப் படிப்பது கேட்டது. "பென்சிலின் முன்னாடியே போட்டிருக்கு. ஒத்துக்கிட்டிருக்கு. அப்போ பயமில்ல. பக்கவாட்டில படுங்க."

அவர் மறுக்காமல் திரும்பிப் படுக்கும் சத்தம் கேட்டது. அவருக்குப் பத்து வயதில் பென்சிலின் போட்டுத் தொண்டை அடைத்து, உதடு நீலமாகிப் பிழைத்த கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒத்துக்கொண்டது என் உடம்புக்கு. உண்மையைச் சொன்னால் ஏமாற்றினோம் என்று இருவரையும் வெளியே அனுப்பலாம். நாங்கள் யார் என்று மறைக்காமல் பேச அந்த ஒரு இடம்தான் எங்களுக்கு இருந்தது. வேறு டாக்டரிடம் போனால் முதல் கேள்வியே மனைவி எப்படி இருக்கிறார் என்பதுதான்.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஊசியில் மருந்து ஏறியிருந்தது.

"போடாதீங்கம்மா. அந்த அட்டை என்னுது. உடம்பு இவருது."

அந்த அம்மா ஊசியைத் தட்டில் வைத்தார். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இவர் உங்களுக்கு யாரு?"

அண்ணன் தம்பி என்று சொல்லிப் பழகிய வாய். "எனக்கு இருக்கிறது இவர் ஒருத்தர்தான்" என்றேன்.

"ஒரு செருப்பை ரெண்டு பேர் போட்டுக்கிட்டு நடப்பீங்களா? அட்டையில மட்டும் என்ன சிக்கனம்?" என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "உனக்குத் தெரியும்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா நீ மாட்டிக்குவே மேஸ்திரி. அறுபது வருஷம் ஆச்சு, இப்ப ஒத்துக்கும்னு நினைச்சேன்."

"நீ போயிட்டா நான் மாட்டாம இருந்து என்ன பண்றது?"

நர்சம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

யாரையும் வெளியே அனுப்பவில்லை. நோய் பல வருஷமாக அவருக்குள் அமைதியாக இருந்திருக்கலாம் என்று, டாக்டரைக் கேட்டு ஊசிக்குப் பதில் இருபத்தெட்டு நாள் மாத்திரை எழுதினார்கள். என்னிடமும் ரத்தம் எடுத்தார்கள். தனித்தனி உடம்பு, தனித்தனிக் குழாய். பிறகு பிரஷர் பார்த்தார்கள். இந்த வயதில் எனக்கு ஒரு நோயும் கிடையாது என்று சொல்லி முடிப்பதற்குள் நூற்றெண்பது என்றார் நர்சம்மா. அன்றைக்கு வந்தவர்களில் எனக்குத்தான் அதிகமாம். அதிலும் நான்தான் முதல். தூக்கம் எப்படி, மனசு எப்படி என்றுகூடக் கேட்டார். ரத்தத்தைத் தவிர வேறொன்றையும் காட்டாமல் பதினோரு வருஷம் ஓட்டிய ஆள் நான், உட்கார்ந்து பதில் சொன்னேன். நேரமாயிற்று.

பேக்கரிக்காரருக்குப் புது எண் போட்டுப் புது அட்டை வந்தது. மகள் பார்த்தால் என்ன செய்வது என்றேன். "பாக்கட்டும். கேட்டா சொல்லிக்கலாம்" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இந்த வருஷக் கட்டணம் மட்டும் போதும், பழையதை வாங்க விதி இல்லை என்றார் நர்சம்மா. உங்கள் விதி உங்களோடு இருக்கட்டும், என் பெயர் எனக்கு முக்கியம் என்றேன். பழைய பாக்கியை மருந்து நிதியில் வரவு வைத்து ரசீது தருவதாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டே கையை விரித்தார். வருஷத்துக்கு ஒரு நோட்டாக, பதினொன்றையும் சத்தமாக எண்ணி அந்தக் கையில் வைத்தேன்.