கிழிந்த சத்தமும் கிழியாத சத்தமும்

வயரைச் செருகுவதற்கு முன்பே பூங்கொடி, பாட்டுக்கு அடிநாதம் தரும் தன் பேஸ் கிட்டாரின் மேல்கொம்பில் தாடையைப் பதித்துக்கொண்டு, தடித்த கம்பியை மெல்ல இழுத்து விடுகிறாள். கண்கள் தாமாக மூடிக்கொள்கின்றன. மரத்துக்குள் ஓடும் அதிர்வு அடங்கும்வரை யார் கூப்பிட்டாலும் பதில் வராது. "காதுல கேக்கறது வேறங்க, எலும்புல கேக்கறது வேற" என்பது அவள் கட்சி.

உத்தனப்பள்ளி சாலையில், ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களுக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருக்கிறது. முன்பு பூக்களைக் குளிரில் வைத்திருந்த இடம். சுவரெங்கும் தெர்மாகோல் பலகைகள் என்பதால் உள்ளே என்ன இரைச்சல் போட்டாலும் வெளியே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பயிற்சிக்காகக் கதவைத் திறந்தால் பனிமூட்டமும் கூடவே உள்ளே வரும். கிட்டார் பிரதாப், டிரம்ஸ் அனுப்ரியா, பேஸ் பூங்கொடி. மூவரும் ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்கள். அங்கேயே கணக்குப் பிரிவில் இருக்கிற உரிமையில் நானும் போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வேன்.

பூங்கொடிக்கு ஊர் நாகரசம்பட்டி. வீட்டில் மாந்தோப்பு. அவள் வேலை செய்வது, தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில். எல்லோரும் காதை அடைத்துக்கொண்டு சபிக்கும் இடம் அது. அவளோ அங்கே தூக்கத்தில் நடப்பவளைப்போல உலாவுவாள். "பிரஸ் எறங்கறப்ப தரை பேசுமுங்க. அந்த மாதிரி ஒரு சத்தம் எனக்கு வேணும்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

அந்தக் கனத்தைத் தேடித்தான் ஃபஸ் பெடல் வாங்கினாள். காலால் அழுத்தினால் போதும், வழவழப்பான ஒலியை அது கிழித்துக் கம்பளிபோல் சொரசொரப்பாக்கிவிடும். கொட்டகையில் தனியாக வாசித்தபோது மலை உறுமுவதுபோல் இருந்தது. பெங்களூரில் ஒரு மாலை நிகழ்ச்சியில், கூட்டம் மொத்தமும் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில், அதை அழுத்தினாள். சத்தம் கூடியது, ஆனால் பாட்டுக்கு அடியில் இருந்த தரை போய்விட்டது. கிட்டாரின் இரைச்சலோடு அவளுடைய இரைச்சலும் கலந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

திரும்பும் வழியில் பிரதாப் காரை ஓட்டிக்கொண்டே சொன்னான்: "நீ வாசிக்கிற, பூங்கொடி. ஆனா பாட்டுல நீ இல்ல. அடுத்த ஷோவுக்கு பெங்களூர் பையன் ஒருத்தனக் கேட்டிருக்கேன்."

ஃபஸ்ஸை விட்டுவிட்டு எப்போதும்போல் வாசித்தால் போதுமே என்று அனுப்ரியா இடையில் புகுந்து பார்த்தாள். பூங்கொடி அத்திப்பள்ளி வரும்வரை கண்ணாடியில் வழிந்த லாரி விளக்குகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஓசூரில் வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், "அது இல்லாம எனக்கு அந்தக் கனம் வராது" என்றாள்.

அதற்குப் பிறகு ஷிஃப்ட் முடிந்ததும் கொட்டகைக்குத் தனியாகப் போக ஆரம்பித்தாள். ஒரு பிற்பகல் நானும் போனேன். சுருதி பார்க்கும் ட்யூனர் பெட்டியில் ஒலி வெளியேற இரண்டு துளைகள் இருந்ததை அவள் கவனித்திருந்தாள். ஒன்றிலிருந்து ஒலி ஃபஸ் வழியாக, ஒலியைப் பெருக்கும் புது ஆம்ப்புக்குப் போனது. மற்றதிலிருந்து எதிலும் நுழையாமல் நேராக, மூலையில் கிடந்த பழைய ஆம்ப்புக்கு. கிழிந்தது ஒரு பக்கம், கிழியாதது ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் கனம் வரும் என்று நம்பிக் கம்பியைத் தட்டினாள். முன்னைவிட மெலிந்து, தகர டப்பாபோல் கேட்டது.

அவள் முகம் வாடியதை அன்றுதான் பார்த்தேன்.  பிறகு என்னைக் கம்பியைத் தட்டச் சொல்லிவிட்டு, இரண்டு ஸ்பீக்கர்கள் மீதும் உள்ளங்கைகளை வைத்தாள். "இது தள்றப்ப அது இழுக்குதுங்க. ரெண்டும் சண்டை போடுது."

பழைய ஆம்ப்பின் முதுகைத் திறந்து, இரண்டும் ஒன்றாகத் தள்ளட்டும் என்று, ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயர்களை இடம் மாற்றி மாட்டினாள். மறுபடி தட்டச் சொன்னாள். தட்டினேன். என் செருப்புக்குக் கீழே தரை மெல்ல எழுந்து அடங்கியது. அதன் மேல் ஃபஸ்ஸின் சொரசொரப்பு, குளத்து நீரின் மேல் நகரும் பனியைப்போல நகர்ந்தது. பூங்கொடி சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மற்ற இருவரும் வந்தார்கள். ஒரு தடவை கேட்டுப் பார்க்கச் சொன்னாள், அவ்வளவுதான். பெங்களூரில் தரை போன அதே பாட்டு, அதே இடம். காலால் அழுத்தினாள். அனுப்ரியாவின் அடி ஒவ்வொன்றும் விழுவதற்கு ஒரு மெத்தை கிடைத்ததுபோல் இருந்தது. எனக்குத் தூக்கமும் விழிப்பும் கலந்த ஒரு நிலை. பாட்டு எவ்வளவு நேரம் ஓடியது என்று சொல்லத் தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. பிரதாப், "அந்தப் பையனுக்கு வேணாம்னு சொல்லிடறேன்" என்றான். பிறகு, அவளுக்கு இடம் விடுவதாக நினைத்தோ என்னவோ, குனிந்து தன் கிட்டாரின் ஆம்ப் சத்தத்தைக் குறைத்தான்.

பூங்கொடி பேஸைத் தோளிலிருந்து இறக்காமலே அவன் பக்கமாக நடந்துபோனாள். அவன் குறைத்த சத்தத்தைப் பழையபடி ஏற்றி வைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள்.