மூன்று மணிக்கு எங்கே போகிறார்?

ரெஹானா இறந்துவிட்டார் என்ற செய்தி அன்று காலையில் என் போனுக்கு வந்தபோது நான் நம்பவில்லை. யாரோ அனுப்பியதை இன்னொருவர் எனக்கு அனுப்பியிருந்தார். முப்பது ஆண்டுகள் நிருபராக இருந்தவனுக்கு அது போதாது. ரெஹானாவின் எண்ணுக்கே அழைத்தேன். வில்லியனூரில் கடை வைத்திருக்கும் அவருடைய தம்பி எடுத்தார். "உண்மதான் சார். விடியக்காலம் மூச்சுத் திணறல். சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்," என்றார். அதன் பிறகுதான் நம்பினேன்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரிடம் பயிற்சி பெற்றவர்கள். ஆட்டிசம் போன்ற மாறுபட்ட மன அமைப்பு உள்ளவர்களோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்று, கூட இருக்கும் ஊழியர்களுக்குக் கற்றுத்தருவது அவர் தொழில். நான் அவரை முதலில் பார்த்தது மூலக்குளத்தில் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவில். நல்லெண்ணத்தோடு போகவில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டதற்காகப் பயிற்சி நடத்துகிறார்கள், சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு அந்த ஊழியரை அனுப்பிவிடுவார்கள் என்று சந்தேகப்பட்டு, அதை எழுதவே போனேன்.

அந்த ஊழியர் ஏழுமலை. கிருமாம்பாக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயது, கார்ட்டூன்களுக்குப் பின்னணிக் காட்சி வரைபவர். தனக்கு ஆட்டிசம் உண்டு என்று வேலைக்குச் சேரும்போதே சொன்னவர். தினமும் மூன்று மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போவார், அரைமணி கழித்து வருவார். இதற்கிடையே அவர் வரைந்த குளம் ஒன்று வேறொரு கம்பெனியின் விளம்பரத்தில் வந்துவிட்டது. படங்களை வெளியே விற்கிறார் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமையோடு அவரை நிறுத்திவிட மேலாளர் பிரபு தீர்மானித்திருந்தார்.

ரெஹானா பாடம் எதுவும் நடத்தவில்லை. ஆளுக்கொரு தாள் கொடுத்தார். "கூட வேல செய்யறவங்க மேல இன்னா சந்தேகம் இருக்கோ எழுதுங்க. உங்க பேர் வேணாம்." எனக்கும் ஒன்று தந்தார். ஏழுமலை அறையில் இல்லை. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று காலையிலேயே அவரிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தார் ரெஹானா.

ஒன்பது தாள்களில் ஏழில் ஒரே கேள்வி: மூன்று மணிக்கு எங்கே போகிறார்? மீதி இரண்டில் ஒன்று வெற்றுத்தாள், இன்னொன்று என்னுடையது.

"சரி, யாராச்சும் அவரையே கேட்டீங்களா?"

"கேட்டா சொல்லிடுவானாக்கா?" என்று ஒருவர் சிரித்தார்.

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்பா."

ஏழுமலை எழுதிக் கொடுத்திருந்த பதிலைப் படித்தார். "டீ நேரத்தில் திடீர் திடீரென்று சிரிப்பு, நாற்காலி இழுக்கும் சத்தம். தாங்க முடிவதில்லை. பஸ் நிறுத்தத்தில் உட்காருகிறேன். அங்கே வண்டிச் சத்தம் ஒரே மாதிரி இருக்கிறது. மேஜையில் விட்டுப்போனால் பென்சில்களின் வரிசையைக் கலைத்துவிடுகிறார்கள். அதனால் பையில் கொண்டுபோகிறேன். சேர்ந்த வாரமே இதை மேலாளருக்கு மெயிலில் எழுதினேன்."

பிரபு தேடினார். மெயில் இருந்தது, திறக்கப்படாமல்.

"அப்போ அந்தக் குளம்?" என்று நான் விடவில்லை.

"நிருபர்தானே சார் நீங்க, கேளுங்க," என்றார் ரெஹானா.

விளம்பரக் கம்பெனிக்கு ஸ்டூடியோவிலிருந்து ஏதாவது போனதா என்று பிரபுவைக் கேட்டேன். அவர் அனுப்பிய மெயில்களைப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. "நான்தான்க்கா. மாதிரிக்குன்னு அனுப்பிட்டு மறந்தே பூட்டேன்." சனிக்கிழமை யாரும் வேலையை இழக்கவில்லை.

அன்று எல்லோரும் கை தட்டினார்கள். ரெஹானா மட்டும் சான்றிதழில் கையெழுத்துப் போடவில்லை. "ஒரே நாள்ல திருந்திட்டோம்னு சொல்றவங்கள நான் நம்பறதில்ல சார்," என்றார் வெளியே வந்தபோது. மூன்று மாதம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் அங்கே போனார். நானும் உடன் போனேன். பயிற்சியன்று ரெஹானா கேட்டுக்கொண்டபடி, ஏழுமலைக்கு வேலையை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுக்கும் பழக்கம் நிலைத்திருந்தது. ஆனால் ஏழுமலைக்கென்று ஒதுக்கிய அமைதியான அறையில் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.

"அட்டப்பொட்டிக்கு இவ்ளோ அமைதி வேணுமா பிரபு?"

அறை அன்றே காலியானது. அதற்கும் அடுத்த முறை போனபோதுதான் கையெழுத்துப் போட்டார்.

அடக்கத்தன்று அவர் வீட்டுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம் ஏழுமலை பையோடு நின்றிருந்தார். "இவ்ளோ செஞ்ச அம்மா. வூட்டுக்குள்ள வந்து நின்னா இன்னா கொறஞ்சிடும்?" என்று ஒருவர் முணுமுணுத்தார். எனக்கும் அதே எண்ணம்தான் ஓடியது. சாலையைக் கடந்து போய்க் கேட்டேன்.

"உள்ள அழுவுற சத்தம் சார். என்னால முடியாது. தூக்கினதும் பின்னாலயே வரேன்," என்றார். கபரஸ்தான் வரை கடைசி ஆளாக நடந்து வந்தார். மண் போட்டு எல்லோரும் கலைந்த பிறகும் அங்கேயே நின்றிருந்தார்.

பயிற்சியன்று நான் எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. "இந்த அம்மாள் நடத்துவது சான்றிதழ் நாடகம்" என்று எழுதியிருந்தேன். எழுதியது யார் என்று அவர் கண்டுகொண்டார். என் வரிக்குக் கீழே பச்சை மையில் ஒரே சொல்லை எழுதி, கிளம்பும்போது கையில் கொடுத்தார்: "கேட்டீங்களா?"

அவரிடம் நான் கேட்டிருக்கவில்லை. அந்தத் தாளை நான் கடைசிவரை வைத்துக்கொள்வேன்.