மாட்டுக்கொட்டிலில் தொங்கிய மூன்று உருக்குகள்

என் இடக்கையின் நான்கு விரல்களும் மடங்கியபடியே இருக்கும். முன்பு நான் குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் ஓடும் படகில் வேலை செய்தேன். சோளகக் காற்று அடித்த ஒரு நாள் படகுக்கும் இறங்குதுறைக்கும் நடுவே கை அகப்பட்டுவிட்டது. பெருவிரல் மட்டும் தப்பியது. அதன் பிறகு கடல் வேலையை விட்டு மாடு வளர்க்கத் தொடங்கினேன்.

மாட்டுக்காரனுக்குக் கத்தி இல்லாமல் ஒரு நாள் போகாது. கயிறு வெட்ட வேண்டும், குழை வெட்ட வேண்டும், குளம்பில் சிக்கியதைக் கிளறி எடுக்க வேண்டும். நான் சந்தையில் வாங்கிய ஒரு மடக்குக் கத்தியைக் காற்சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதை விரிக்க இரண்டு கை வேண்டும். எனக்கு இருந்தது ஒரு கையும் பல்லும். பல்லால் அலகைக் கடித்து இழுத்துத்தான் விரிப்பேன். பார்ப்பவர்களுக்குப் பயமாக இருந்திருக்கும், எனக்குப் பழகிவிட்டது.

மூன்று வருடங்களுக்கு முன், மாரி மழை ஓய்ந்த ஒரு முற்பகலில் எங்கள் நாகு ஒன்றைக் காணவில்லை. இன்னும் கன்று போடாத இரண்டு வயது மாடு. தேடிப் போனபோது மேற்குக் கரையில், அலை கொண்டுவந்து ஒதுக்கிய நைலோன் வலைக்குள் கிடந்தது. முன்னங்கால் இரண்டிலும் கழுத்திலும் வலை சுற்றியிருந்தது. உதற உதறக் கழுத்துச் சுற்று இறுகியது. நாக்கு வெளியே வந்துவிட்டது.

நான் முழங்காலால் அதன் தோளை அமுக்கிக்கொண்டு கத்தியைப் பல்லால் இழுத்தேன். அசையவில்லை. மழைக்காலம் முழுவதும் ஈரத்தோடு பையில் கிடந்து பொருத்தெல்லாம் துருப்பிடித்துக் கறள் ஏறியிருந்தது. இன்னும் பலமாக இழுத்தேன். உடைந்தது என் முன்பல். வாயெல்லாம் இரத்தம். என்ன செய்வதென்று தெரியாமல் வலையைக் கையால் பிய்க்கப் பார்த்தேன். நைலோனைக் கையால் பிய்க்க யாரால் முடியும்?

அந்த நேரம் கரைவீதியால் தீவு பார்க்க வந்தவர்களின் ஓட்டோ ஒன்று போனது. அது நிற்பதற்கு முன்னமே ஒரு பெண் குதித்து ஓடிவந்தார். முப்பது வயதிருக்கும். ஓடிவரும்போதே பையிலிருந்து எதையோ எடுத்தார், பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டினார், அலகு விரிந்துவிட்டது.

"அண்ணை, தலையை மட்டும் அசையாமப் பிடியுங்கோ."

முதலில் தன் இரண்டு விரல்களைத் தோலுக்கும் வலைக்கும் நடுவே நுழைத்தார். பிறகு அலகின் முதுகு மாட்டின் பக்கம் இருக்கும்படி வைத்து, வெளிப்புறமாக வலையின் ஒவ்வொரு கண்ணாக அறுத்தார். அவசரப்படவில்லை. ஏழெட்டு இழுப்பில் கழுத்து விடுபட்டது. நாகு ஒரு மூச்சு எடுத்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கால்களையும் அறுத்துவிட, எழுந்து நின்று, எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் மெல்ல நடந்து போனது.

அவரும் கூட வந்தவர்களும் எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்தார்கள். அப்போதுதான் விபரம் தெரிந்தது. அந்தப் பெண் சுவிஸில் வளர்ந்தவர், அங்கே ஒரு தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் வேலை பழகியவர். தகப்பனார் வேலணைத் தீவில், சுருவில் கிராமத்தில் பாரிசவாதத்தில் விழுந்ததால் அவரைப் பார்க்க வந்து தங்கியிருந்தார். வீட்டின் பக்க அறையில் சிறு இயந்திரங்கள் போட்டு மடக்குக் கத்திகள் செய்துகொண்டிருந்தார். என் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் இடக்கையைப் பார்த்தார், வாயைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஒண்டு நான் செய்து தாறன்" என்றார்.

நான் மரியாதைக்குச் சிரித்தேன். தீவுக்கு வருபவர்கள் பல விதமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் இரண்டு கிழமை கழித்து அவர் தனியாகப் படகேறி வந்தார். கையில் மூன்று உருக்குத் துண்டுகள். ஒவ்வொன்றும் விரல் நீளம், ஒரு பக்கம் தீட்டியது, நுனியில் கயிறு கோர்க்க ஒரு துளை. ஒன்றில் ஒரு வெட்டு, அடுத்ததில் இரண்டு, மற்றதில் மூன்று என்று அடையாளம் வைத்திருந்தார்.

முதலாவது காபன் உருக்கு. அவருடைய சொந்தக் கத்தியும் அதே உருக்குத்தான். இரண்டாவது மிகக் கடினமானது, ஒரு தரம் தீட்டினால் மாதக்கணக்கில் கூர் போகாதாம். மூன்றாவதில் நைதரசன் கலந்திருக்கிறது, உப்புத் தண்ணீருக்கு அசையாது, ஆனால் கூர் சீக்கிரம் மழுங்கும் என்றார். மூன்றையும் மாட்டுக்கொட்டிலில் தொங்கவிட்டு, ஒரு மாதம் தினமும் காலையில் கடல் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். துடைக்கக் கூடாது. என் தீட்டுக்கல்லில் மூன்றையும் தீட்டியும் பார்க்க வேண்டும். எதைத் தெரிவு செய்வது என்பது என் பொறுப்பு.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. என் கைக்கு ஏற்றது எது என்று அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கிடைத்ததைக் கையால் பிடிக்கப் பழகியிருந்தேன், அவ்வளவுதான்.

தண்ணீர் தெளிக்கும் வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். என்னைவிட அவளுக்குத்தான் அதில் அக்கறை. பால் கறக்கப் போகும்போது தெளிப்பாள், வந்து செய்தி சொல்லுவாள். முதலாவது இரண்டாம் நாளே செம்மஞ்சளாகிவிட்டது. பத்தாம் நாள் அதன் வெட்டு அடையாளமே தெரியவில்லை. இரண்டாவதில் மாத முடிவில் நாலைந்து புள்ளிகள் மட்டும். மூன்றாவது வந்த நாளைப் போலவே பளபளத்தது.

பிறகு தீட்டினேன். கல்லைக் காலால் மிதித்துக்கொண்டு ஒரு கையால் தீட்டுவது என் முறை. முதலாவது கறளைத் தேய்த்து எடுத்ததும் நல்ல கூர் ஏறியது. இரண்டாவதோடு ஒரு மணித்தியாலம் மல்லுக்கட்டினேன், கல்தான் தேய்ந்தது. மூன்றாவது பத்துப் பன்னிரண்டு இழுப்பில் மயிரை வழித்தது.

இதைப் பார்த்த பிறகு எவரும் மூன்றாவதைத்தான் கேட்பார்கள். நான் கேட்கவில்லை. படகேறி, பஸ்ஸில் வேலணைக்குப் போய் இறங்கி, ஓட்டோ பிடித்துச் சுருவிலுக்குப் போய், முதலாவதுதான் வேண்டும் என்று சொன்னேன். காரணம் கேட்டார். அந்த உருக்குத்தான் என் மாட்டின் உயிரைக் காப்பாற்றியது, அதை விட்டுவிட்டு இன்னொன்றைக் கேட்க மனம் வரவில்லை என்றேன். பக்கத்துக் கதிரையில் இருந்த தகப்பனார், ஒரு பக்கம் கோணிய வாயோடு சிரித்தார்.

மகள் வாதாடவில்லை. ஒரு கடதாசியில் என் வலக்கையை வைத்துச் சுற்றிவரக் கோடு போட்டார். பெருவிரல் எவ்வளவு தூரம் வளையும் என்று அளந்தார். புறப்படும்போது தன்னுடைய கத்தியை என் கையில் தந்தார்.

"ஒரு மாதம் இதைப் பாவிச்சுப் பாருங்கோ, அண்ணை. ஒவ்வொரு நாளும் துடைச்சு எண்ணெய் பூச வேணும். பிறகு சொல்லுங்கோ."

கோயில் பொருளைப் போல அதைக் கொண்டுவந்தேன். இரண்டு கிழமை தவறாமல் துடைத்தேன், தேங்காய் எண்ணெய் பூசினேன். பிறகு ஒரு மாடு கன்று போடச் சிரமப்பட்டது, அதோடு மழையும் பிடித்தது. நாலு நாள் கத்தி பைக்குள்ளேயே கிடந்தது. ஐந்தாம் நாள் விரித்தபோது அலகு முழுவதும் கறள் பூத்திருந்தது.

வெட்கத்தில் அதை அலுமாரியில் துணிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மனைவி கண்டுபிடித்துவிட்டாள். திட்டவில்லை. குசினிக்குக் கொண்டுபோய்ச் சாம்பலும் பழப்புளியும் போட்டுத் தேய்த்தாள். கறள் போனது, கறுத்த தழும்புகள் போகவில்லை. "நீங்களே எடுத்துச் சொல்லுங்கோ" என்று தொலைபேசியை நீட்டினாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் மூச்சு இழுபடும் சத்தம் கேட்டது. கோபம் என்று நினைத்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அண்ணை, அதுக்குத்தானே தந்தனான். அண்டைக்கு மாட்டைக் காப்பாற்றினது உருக்கில்லை, நான் முதல் நாள் பின்னேரம் துடைச்சு வைச்சது. மூண்டாவதைச் செய்யட்டோ? அடிக்கடி தீட்ட வேணும். தீட்டச் சோம்பலோ, பஞ்சியோ உங்களுக்கு?"

"தீட்டப் பஞ்சியில்லைப் பிள்ளை. துடைக்கத்தான் பஞ்சி" என்றேன். என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்த உருக்கைச் சுருவிலில் வைத்துப் பதப்படுத்த ஏலாது. ஒரே அளவாகச் சூடு காட்டி, பிறகு கடுங்குளிரில் வைக்க வேண்டுமாம். அலகைச் செதுக்கி முடித்து, தான் முன்பு வேலை செய்த இடத்துக்கே அனுப்பினார். அங்கே கூட வேலை செய்த ஒருவர், என்னை ஒரு நாளும் காணாதவர், தன் வேலைக்கு நடுவே அதைச் செய்து திருப்பி அனுப்பினார். போய்வர நாலு மாதம் எடுத்தது. அந்த மனிதருக்கு நன்றி சொல்ல எனக்கு மொழி இல்லை. ஒரு போத்தல் நெய் அனுப்பலாமா என்று கேட்டேன், விமானத்தில் விடமாட்டார்கள் என்றார்.

புதுக் கத்தியை அவரே நெடுந்தீவுக்குக் கொண்டுவந்தார். பிடி, பனைமட்டை ஓரத்துக் கறுக்கைப் போல நல்ல கறுப்பு. என் உள்ளங்கையில் இருந்த ஒவ்வொரு மேட்டுக்கும் அதில் ஒரு பள்ளம் இருந்தது. அலகின் பக்கத்தில் பெருவிரலுக்கு ஒரு குமிழ். தட்டினேன், விரிந்தது. பெருவிரலால் அலகைத் தடுக்கும் பூட்டை அமுக்கித் தொடையில் வைத்துத் தள்ளினேன், மடிந்தது. முற்றத்தில் நின்றபடி முப்பது நாற்பது தரமாவது விரித்து மடித்திருப்பேன். அவர் கண்கலங்கி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் இன்னொரு தரம் விரித்தேன். பேசத் தொடங்கியிருந்தால் நிறுத்தியிருக்கமாட்டேன்.

தகப்பனார் ஓரளவு நடக்கத் தொடங்கியதும் இருவருமாகச் சுவிஸுக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவியோடு நெடுநேரம் கதைப்பார். என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான், எத்தனை நாளுக்கு ஒருக்காத் தீட்டுகிறீர்கள் என்று. கிழமைக்கு ஒருக்கா என்பேன், அது உண்மை.

கை போன நாளிலிருந்து மாம்பழம் என்றால் என் மனைவிதான் தோல் சீவி, வெட்டி, தட்டில் வைத்துத் தருவாள். நானும் அதைப் பற்றி நினைத்ததில்லை. போன வைகாசியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்தபோது, பழத்தை இடது பெருவிரலால் தட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நானே சீவினேன். கொஞ்சம் தடிப்பாகத்தான் தோல் வந்தது. முதல் துண்டை அவளுக்குக் கொடுத்தேன். அவள் சாப்பிட்டுவிட்டு, அடுத்த துண்டை இன்னும் மெல்லியதாக வெட்டச் சொன்னாள்.