டிவிடியில் இல்லாத அஞ்சு செகண்ட்

கவரைத் திறந்ததும் புது பிளாஸ்டிக் வாசனை. அட்டையில் தினகரன்... கையில் கிளவுஸ், வாயில் பல்லைக் காக்கும் ரப்பர் கார்டு, முகத்தில் முறைப்பு. சுற்றிலும் ரோஜாப்பூ பார்டர். மூலையில் இரண்டு புறா.

கல்யாண வீடியோ எடுக்கிறவரிடம் சண்டையைக் கொடுத்தால் வேறு எப்படி வரும்?

பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் இருக்கும். நானும் தினகரனும் திருச்சியில் டிப்ளமோ கடைசி வருஷம். அவனுக்கு எம்எம்ஏ பைத்தியம். குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த சண்டை. ஒரு மாஸ்டரிடம் இரண்டு வருஷமாகக் கற்றுக்கொண்டிருந்தான்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி வைத்தார்கள். கூண்டெல்லாம் கிடையாது. சாப்பாட்டு ஹாலில் நீல ரப்பர் மேட் விரித்திருந்தார்கள். முந்தின நாள் சாம்பார் வாசனை அப்படியே இருந்தது. ஜெயிக்கிறவர்களை மாஸ்டர் சென்னைப் போட்டிக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு.

தினகரன் பக்கம் நிற்பது நான். தோளில் டவல், கையில் தண்ணீர் பாட்டில். மற்றபடி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இரண்டாவது ரவுண்டில் எதிராளி, ஒரு மணப்பாறைப் பையன், தினகரனின் கையை மடக்கிப் பூட்டிவிட்டான். வலி தாங்காவிட்டால் எதிராளியையோ தரையையோ இரண்டு தட்டுத் தட்டவேண்டும். தட்டினால் தோல்வியை ஒத்துக்கொண்டதாக அர்த்தம். ரெஃப்ரி சண்டையை நிறுத்திவிட்டார். தட்டிவிட்டான் என்றார்.

தினகரன் எழுந்ததும் சொன்னது ஒன்றுதான். "நான் தட்டல மாஸ்டர்."

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நீ பக்கத்துலதானே நின்ன. தட்டினானா?"

"தட்டினான் மாஸ்டர். பார்த்தேன்."

எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது. நண்பனாக இருந்தாலும் உள்ளதைச் சொல்லிவிட்டோம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

பஸ்ஸில் ஸ்ரீரங்கம் வந்தோம். இறங்கும்போது, "டிவிடி வரட்டும்டா" என்றான்.

மூன்று வாரம் கழித்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் அவர்கள் வீடு. அவன், நான், அவன் அம்மா, தங்கை கவிதா. பாய் விரித்து, நடுவில் தட்டு நிறைய முறுக்கு.

முதலில் பிள்ளையார் சுழன்று சுழன்று வந்தார். பிறகு பூ கொட்டியது. தினகரன் விட்ட முதல் குத்து ஸ்லோமோஷனில் மூன்று தடவை வந்தது. பின்னணியில் காதல் பாட்டு.

"டேய் அண்ணா, அடுத்து ரெண்டு பேரும் மாலை மாத்திக்குவீங்களா?" கவிதா சிரித்து உருண்டாள்.

அம்மா சிரிக்கவில்லை. "இப்படி மிதி வாங்கவா ரெண்டு வருஷமா முட்டை அவிச்சுக் குடுத்தேன்?"

இரண்டாவது ரவுண்ட். கை மாட்டியது. தினகரன் டிவிக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

கேமரா சட்டென்று திரும்பி வாசலுக்குப் போய்விட்டது.

சிறப்பு விருந்தினர் வருகிறார். பின்னால் பத்துப் பேர். பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடுகிறார். வீடியோக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் தொழிலில், பெரிய மனிதர் வந்தால் மாப்பிள்ளையையே விட்டுவிட்டுத் திரும்பவேண்டும். அஞ்சு செகண்ட். திரும்பி மேட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கவிதா ரிமோட்டால் பின்னுக்குத் தள்ளி நிறுத்தினாள். "இந்த ஓரத்துல நிக்கிறது நீங்கதானே?"

நான்தான். தோளில் டவல். மேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி, வாசலைப் பார்க்கிறேன். அந்த அஞ்சு செகண்டும்.

"எங்க தம்பி பாத்துட்டு நிக்கிற?" அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்.

"சத்தம் கேட்டுச்சும்மா... பட் பட்னு ரெண்டு. அதான்..."

அதே நேரம் விருந்தினருக்குக் கை தட்டிக்கொண்டும் இருந்தார்கள். எது எந்தச் சத்தம்? டிவிடியில் கேட்டுப் பார்க்கவும் வழியில்லை. முழுக்கக் காதல் பாட்டு.

வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. பார்த்ததாகத்தான் நம்பியிருந்தேன். நான் திரும்பும்போது ரெஃப்ரி கையை அசைத்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் நடந்ததை என் மண்டையே நிரப்பிக்கொண்டுவிட்டது.

தினகரன் திட்டவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ஓட்டு கவிதா" என்றான்.

மறுநாளே மாஸ்டரிடம் போனேன். "நான் பார்க்கல மாஸ்டர்."

அவர் ஸ்கிப்பிங் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "சென்னைக்கு லிஸ்ட் போயிடுச்சேப்பா" என்றார். "அன்னைக்கே சொல்லியிருந்தா ரெஃப்ரிகிட்ட பேசியிருப்பேன்."

தினகரன் இன்னும் ஆறு மாதம் பயிற்சிக்குப் போனான். பிறகு நிறுத்திவிட்டான். உன்னால்தான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்போது துவாக்குடி பக்கம் ஒரு கம்பெனியில், வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்த ஃபிலிமில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. இன்னமும் அவசரக்காரன்தான். டீ ஆறும்வரைகூடப் பொறுக்கமாட்டேன். ஆனால் ஃபிலிமை விளக்கில் வைத்துவிட்டால், யார் கதவைத் திறந்தாலும் தலை திரும்பாது.

"ஓகேவா சார்? லாரி நிக்குது."

"இன்னும் பார்க்கல."

சண்டை பார்க்க இப்போது டிவிடி வேண்டாம். போனிலேயே நாலைந்து கோணத்தில் வருகிறது. தட்டிய விரல்கூடத் தெரிகிறது. புறா வருவதில்லை.

தினகரன் முசிறியில் சோலார் வேலை எடுத்துச் செய்கிறான். போன வாரம் ஒரு கிளிப் அனுப்பியிருந்தான். "தட்டினானா இல்லையா, பாத்துச் சொல்லு."

எல்லாக் கோணத்திலும் பார்த்துவிட்டு, "தட்டினான்" என்று போட்டேன்.

"இந்தத் தடவை வாசல் பக்கம் யாரும் வரல போல" என்று பதில் வந்தது.

அந்த அஞ்சு செகண்டுக்கு மட்டும் வேறு கோணம் இல்லை. யாராவது கேட்டால் என்னிடம் இருப்பது இவ்வளவுதான்...

நான் பார்க்கவில்லை.

அவன் தட்டவில்லை என்று சொன்னான்.