ஏற்க மறுத்த பதிவுத் தபால்

2003 ஒக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். விடியற்காலை மூன்று மணிக்குப் பிடித்த மழை விடவில்லை. இறப்பர் மரங்கள் நனைந்துவிட்டதால் பால்வெட்டு இல்லை. வேலையில்லாத பதினேழு பேர் தோட்ட அலுவலகமான கந்தோர் வாசலில் நின்றார்கள். நான் அங்கே இருபத்தேழு வருடமாகக் கிளாக்கர்.

தபால் பையில் முப்பத்தொரு கடிதங்கள். ஒன்று பதிவுத் தபால், கபில நிற அரசாங்க உறை, கீழ் லயத்து வீட்டுப் பால்வெட்டுக்காரர் ஒருவரின் மகளுக்கு. அவள் அவிசாவளையில் ஒரு புடவைக்கடையில் வேலைக்கு நின்றாள். தகப்பனைக் கூப்பிட்டு ரசீதில் கையெழுத்து வைக்கச் சொன்னேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேணாங்க ஐயா. போன தடவ இப்பிடித்தான் ஒண்ணுக்கு வச்சேன். மச்சான் போட்ட சண்டைக்கு நான் ஆறு தவணை கோட்டுக்கு நடந்தேன்.”

“இது உன் மக பேருக்கு வந்திருக்கு.”

“அவளையும் சேத்து இழுக்கிறாங்களா?”

வாசலில் சிரிப்பு. “வாங்காதண்ணே! வாங்காட்டி ஒண்ணும் செய்ய ஏலாது” என்றான் ஒருவன். எங்கள் தோட்டத்துக்குப் பதிவுத் தபால் வந்தால் வழக்கு, இல்லாவிட்டால் அடகு நகை ஏலம். உறையின் மூலையில் அனுப்பியவரின் முத்திரை இருந்தது. நான் பார்க்கவில்லை; இன்னும் முப்பது கடிதங்கள் பிரிக்க இருந்தன. “ஏற்க மறுத்தார்” என்று உறையில் எழுதி ஒப்பமிட்டுத் தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பதினொன்றரைக்கு மகள் நனைந்துகொண்டு வந்தாள். கூடப் படித்த இரண்டு பேருக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கெம்பஸ் கடிதம் வந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமைக்குள் பதிய வேண்டும்; தவறினால் இடம் அடுத்த ஆளுக்கு. காலையில் நடந்ததைச் சொன்னேன்.

“அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஒங்களுக்குமாங்க ஐயா?”

தோட்ட நிர்வாகியான துரையிடம் கேட்காமலே கந்தோரைப் பூட்டிவிட்டு அவளோடு த்ரீவீலில் ஏறினேன். எஹலியகொட தபால் கந்தோரிலிருந்து திரும்பும் தபால் பை ஒன்றரைக்குப் புறப்படும். வழியில் ஐந்து தடவை மணி பார்த்தேன்.

“நீங்க பாக்கிறதுக்காக அது நிக்காதுங்க ஐயா” என்றாள்.

பையைக் கட்டி வைத்திருந்தார்கள், எங்களுக்காக அவிழ்த்தார்கள். ஆனால் மறுத்ததாக எழுதியவரே அதை வெட்டிக் காரணமும் எழுத வேண்டும் என்று தபால் அதிபர் சிங்களத்தில் சொன்னார். இருபத்தேழு வருடத்தில் என் எழுத்தை நான் வெட்டியதில்லை. “அனுப்பியவரைப் பார்க்காமல் எழுதியது என் பிழை” என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அடையாள அட்டையைக் காட்டிக் கடிதத்தை வாங்கி, அங்கேயே நின்று முதல் பக்கத்தை மூன்று தடவை படித்தாள்.

புதன்கிழமை தகப்பன் பதிவுப் பத்திரத்தோடு கந்தோருக்கு வந்தார். அதில் அவருடைய ஒப்பமும் வேண்டியிருந்தது.

“இதுல வைக்கலாங்களா ஐயா?”

நான்கு பக்கத்தையும் வாசித்துப் பார்த்த பிறகுதான் “வை” என்றேன். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் போய்ப் பதிந்துவிட்டு வந்தார்கள்.

த்ரீவீலுக்கு முந்நூற்றைம்பது. சொல்லாமல் போனதற்குத் துரை வெட்டிய அரை நாள் சம்பளம் நூற்று நாற்பத்திரண்டு ரூபா ஐம்பது சதம். திரும்பும் வழியில் குடித்த தேத்தண்ணிக்கு அவள் கொடுத்தாள், அதைச் சேர்க்கவில்லை. எனக்குச் செலவு மொத்தம் நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபா ஐம்பது சதம்.